புளியமரத்து ஆணி

தங்கச்சாமி மகள் சங்கரம்மாளைக் கட்டிக்கொடுத்த ஊரின் புளியமரத்தடியில் உச்சிவெயில் சல்லடையாய் விழுகிறது. உடுக்கைக் கீழே வைத்த கோடாங்கி, சங்கரம்மாளின் ஒரு பிடி மயிரை மரத்தில் அறைந்து பேயைக் கட்ட ஆணியை எடுக்கிறான். தங்கச்சாமி அவன் கையை முறுக்கிப் பிடித்தபடி சம்பந்தியை நோக்கிச் சீறுகிறார். "கோயில் கொடையில உம்ம மவன் ஆடுனா சாமி, எம் மவ ஆடுனா பேயோ? எங்க வம்சத்துப் பொம்பள மனசுல பேய் ஏறாது, சம்பந்தி! வந்திருக்கது எங்க பத்திரகாளி!" சங்கரம்மாள் வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறாள். "சாமியும் இல்ல, பேயும் இல்லய்யா. ஒங்க மருமகன் மிதிச்சாவ. எனக்கு ஆத்திரம் வந்துட்டு, கத்துனேன்." கூட்டம் தங்கச்சாமியையே பார்க்கிறது. அவர் கோடாங்கியின் திருநீற்றை அள்ளி அவள் நெற்றியில் அப்புகிறார். "நாலு பேரு நிக்காவ. சாமின்னே சொல்லுட்டி" என்று பல்லைக் கடிக்கிறார்.