வாசலில் வைக்கோல்

தெருவில் ஒரு சக்கரம்கூட உருளவில்லை. இருந்தும் அவள் காது தெருவிலேயே கிடந்தது.

மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

தட்டம்மை. ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லாமல் காய்ச்சலில் பிதற்றிய ஜாஸ்பர் மதியம்தான் கண் அசந்தான். இந்தத் தூக்கம் கலையாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.



வெளிச்சம் பட்டால் பிள்ளைக்குக் கண் கூசியது. கணவர் வெளியே போன பிறகு தெருப்பக்கத்து ஜன்னல் கதவுகளை எல்லாம் சாத்தியாயிற்று.

வைக்கோலும் போட்டாயிற்று. இங்கிலாந்தில் அந்த நாளில் அதுதான் வழக்கம். கடுமையான நோயாளி இருக்கும் வீட்டு முன்னால் தெருக்கல்லை மூடி வைக்கோல் பரப்புவார்கள். வண்டிச் சத்தமும் குளம்புச் சத்தமும் அதில் அமுங்கிவிடும்.

கணவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். வைக்கோலைப் பார்த்தால் வீட்டில் நோய் என்று ஹார்ல்பரி முழுக்கத் தெரிந்துவிடும். தேர்தல் விருந்துக்கு ஒருவனும் வரமாட்டான். விருந்துக்கு வராதவன் வாக்கும் தரமாட்டான். இன்னும் ஒரே நாள், பொறுத்துக்கொள் என்றார்.

அவர் படியிறங்கியதும் அவளே தெருவில் போய் நின்று போடவைத்தாள். லாயத்து ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வைக்கோல் கட்டுகளை அவிழ்த்தார்கள்.

இன்று வாக்குப்பதிவின் கடைசி நாள். சந்தைத் திடலில் மேடை. ஹார்ல்பரியிலிருந்து லண்டன் பாராளுமன்றத்துக்குப் போகப்போவது யார் என்று ஒவ்வொருவனும் அதில் ஏறி, ஊர் கேட்கப் பெயரைச் சொல்ல வேண்டும். நிலத்துக்காரரான அவள் கணவர் எதிரிலேயே நிற்பார். குத்தகைக்காரன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் பெயரைச் சொல்வான். அந்த முகம் அங்கே இல்லாவிட்டால் எதிர்த்து நிற்கும் கம்பளி வியாபாரியின் பெயர் வாயில் வந்துவிடுமாம்.

பிள்ளையின் தலைமாட்டில் இருக்க வேண்டிய முகம்.

நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்தவன். இவன் இல்லையென்றால் நிலமெல்லாம் அவருடைய தம்பி மகனுக்குப் போகும். வந்து விசாரித்த சொந்தக்காரர்கள் எல்லாருடைய கண்ணிலும் அந்த நினைப்பு ஓடியது. நிலம் எக்கேடாவது கெடட்டும். அவளுக்கு இவன் மூச்சு வேண்டும்.

இப்போது பயம் வேறு ஒன்று.

ஜெயித்தவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கி வருவார்கள். முரசு, ஊதல், வேட்டு. வீட்டு வாசலில் நாற்காலியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் தொண்டை கிழியக் கத்தினால்தான் கூட்டத்துக்கு மனம் ஆறும். போன தேர்தலில் மாடி ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது.

அவள் வேண்டிக்கொண்டாள்.

கடவுளே, அவர் தோற்கட்டும்.

பாராளுமன்றத்தில் அவருடைய அப்பா உட்கார்ந்த இடம் அது. அவர் இத்தனை வருடம் கட்டிக்காத்த இடம். பாவம்தான். இருந்தாலும் தோற்கட்டும்.

திடலில் பெருங்கூச்சல் எழுந்தது. யாருக்கென்று தெரியவில்லை.

பிறகு முரசு.

பிள்ளையின் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினாள். முரசு நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

தெருமுனையில் நின்றது.

கம்பளி வியாபாரியின் வீடு அந்த முனையில்தான். அப்படியானால் அவன்தான். இவர் தோற்றுவிட்டார். நன்றி, கடவுளே.

கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஆனால் கூச்சலைக் காணோம். வேட்டைக் காணோம்.

வேறு ஏதோ சத்தம். வைக்கோல் மிதிபடும் சத்தம். நிறையக் கால்கள்.

ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

தெரு நிறைய ஆட்கள். ஒருவர் தலையிலும் தொப்பி இல்லை. முரசுக்காரன் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். தோள்களின் மேல், நீல நாடா கட்டிய நாற்காலி மெல்ல வந்தது.

அதில் அவர்.

ஜெயித்துவிட்டார்.

வைக்கோலைப் பார்த்துச் சத்தத்தை நிறுத்தினார்கள், சரி. தொப்பியை எதற்குக் கழற்ற வேண்டும்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தொப்பியைக் கழற்றுவது சாவுக்கு மரியாதை. பட்டப்பகலில் எல்லா ஜன்னலையும் சாத்துவதும் அங்கே சாவு விழுந்த வீட்டில்தான். வைக்கோலையும் ஜன்னலையும் சேர்த்துப் பார்த்து ஊர் முடிவுகட்டிவிட்டது.

அவரும்தான்.

மேடையில் அத்தனை பேரைப் பேசவைத்த முகம் கோணிப்போய்க் கிடந்தது. நாற்காலியிலிருந்து இறங்கப் பார்த்தார். தூக்கியவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். ஜெயித்தவரை வாசல் வருமுன் இறக்கக் கூடாது.

அவளுடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஐயோ என்றிருந்தது.

கை கொக்கிக்குப் போனது. நின்றது. திறந்தால் வெளிச்சம். கூப்பிட்டால் சத்தம்.

"அம்மா."

திரும்பினாள். கரகரத்த குரல்தான். ஆனால் பிதற்றல் இல்லை. கண் அவளைப் பார்த்தது.

"முரசே கேக்கலியே. அப்பா தோத்துட்டாரா?"

நெற்றியைத் தொட்டாள். வியர்த்து, குளிர்ந்திருந்தது. இன்னொரு முறை தொட்டாள்.

கட்டில் திரையை அவன் பக்கம் இழுத்துவிட்டாள். ஜன்னலை அகலத் திறந்தாள்.

அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

அவள் கூட்டத்தில் முரசுக்காரனைத் தேடிப் பிடித்தாள். முரசு அடி என்று இரண்டு கையாலும் காற்றில் அடித்துக் காட்டினாள்.

அவனுக்குப் புரியவில்லை.

மறுபடி அடித்துக் காட்டினாள்.