சாவி ஆட்டும் நேரம்

ஆட்டம் முடிய இன்னும் மூன்றே நொடி. எதிரணிப் பையன் ஒருவன் பந்தை உதைக்கத் தயாராக நின்றான்.

எழுபதாயிரம் பேரும் எழுந்து நின்று சாவிக்கொத்துகளைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். கார் சாவி, வீட்டுச் சாவி, டிராக்டர் சாவி. அந்தச் சத்தம் எதிரணிக்காரன் காதைக் குடைய வேண்டும், அவன் கால் கொஞ்சமாவது பிசக வேண்டும். அந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து மைதானத்தின் வழக்கம் அது.

லோவலின் சாவி மட்டும் கோட்டுப் பைக்குள் இருந்தது. தவறிக்கூடச் சத்தம் வந்துவிடக் கூடாதென்று அதை இறுகப் பிடித்திருந்தார்.

ஏனென்றால், அந்தப் பந்து சரியாகப் போக வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

கோடியில் நிற்கும் இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. ஆட்டம் சமனாகிவிடும். கூடுதல் ஆட்டம் வைப்பார்கள். இன்னும் அரை மணி நேரமாவது கிடைக்கும்.

அறுபத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து இந்த அணியைத் தவிர வேறெதற்கும் கைதட்டி அறியாத மனிதர். வெட்கமாகத்தான் இருந்தது. செத்துப்போன அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் காறித் துப்பியிருப்பார்.

விசில் ஒலித்தது. உள்ளூர்ப் பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார். உதைக்கிறவனைக் காக்கவைத்துப் பதறடிக்கிற பழைய தந்திரம்.

லோவல் அந்தப் பயிற்சியாளரை மனதார வாழ்த்தினார். ஒரு நிமிடம் லாபம்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பக்கத்து இருக்கையிலிருந்த மார்லிஸ், தன் சிவப்புப் போர்வையில் பாதியை இழுத்து அவர் முழங்கால்மேல் போட்டாள்.

முப்பத்தாறு வருடமாக அப்படித்தான் போடுகிறாள். விவாகரத்துக்கு முன்னால் இருபத்தைந்து வருடம், அதற்குப் பின்னால் பதினொன்று.

வீடு அவளுக்கு, பிக்கப் வண்டி அவருக்கு, நாய் அவளுக்கு என்று நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. வருடா வருடம் பணம் கட்டி வைத்திருக்கும் இந்த இரண்டு இருக்கைகளை மட்டும் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. வேறு இடம் வேண்டுமென்றால் இருபது வருடம் காத்திருக்க வேண்டுமாம். அதனால் வருடத்தில் ஏழு சனிக்கிழமைகள், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள். முடிந்ததும் அவள் கிழக்கு வாசல், அவர் மேற்கு வாசல்.

மற்ற நாட்களில் லோவலின் வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான்.

இன்று வந்து உட்கார்ந்ததுமே மார்லிஸ் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை அரிசோனாவுக்கு, மகள் கிறிஸ்டா வீட்டுக்கு, ஒரேயடியாகப் போகிறாள். தன் இருக்கையைக் கல்லூரிக்கே எழுதிக் கொடுத்தாயிற்று.

"நல்லது. அங்க குளிராது" என்றார் லோவல்.

அதைச் சொன்ன வாயை அவரே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்போதிருந்து மூன்று மணி நேரமாக, 'போகாதே' என்கிற ஒற்றைச் சொல்லைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். முதல் பாதி முடியட்டும் என்று நினைத்தார். அப்புறம், கொஞ்சம் சத்தம் அடங்கட்டும் என்று நினைத்தார். கூடுதல் ஆட்டம் மட்டும் கிடைத்தால் கட்டாயம் சொல்லிவிடுவார்.

பின் வரிசையிலிருந்து வேர்ன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். வாயெல்லாம் கடலை.

"என்னய்யா லோவல், சாவிய வீட்லயே விட்டுட்டியா? அந்தப் பய நிம்மதியா நிக்கிறான் பாரு, ஆட்டுய்யா!"

மார்லிஸ் திரும்பாமலே பதில் சொன்னாள். "தோள்வலிக்காரன போட்டு ஏன் உலுக்குற? ஒன் சாவிய நீ ஆட்டு."

தன் தோள்வலி அவளுக்கு எப்படித் தெரியும் என்று லோவலுக்குப் புரியவில்லை. அவர் சொன்னதே இல்லை.

மறுபடி விசில். மறுபடி எல்லோரும் எழுந்தார்கள். வானமே கிலுகிலுத்தது. அந்தச் சத்தத்தில் மார்லிஸின் பங்கு எப்போதும் பெரியது. பண்ணை வீட்டுச் சாவி அத்தனையும் கோத்த கொத்து அவளுடையது. அதை ஆட்டினாலே முன் வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

லோவல் கண்களை மூடிக்கொண்டார். போ, தம்பி. நேராகப் போ.

உதைத்த சத்தம் கேட்டது.

பிறகு, இரும்பில் ஏதோ மோதிய சத்தம்.

கண்ணைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை. மைதானம் அலறிய அலறலே சொல்லிவிட்டது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே விழுந்துவிட்டது. ஜெயித்துவிட்டார்கள்.

லோவலின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "அழு, நல்லா அழு! இதுக்கு அழாம வேற எதுக்கு அழுறது?" என்று வேர்ன் முதுகில் ஓங்கித் தட்டினான்.

ஜெயித்தாலும் தோற்றாலும், கலைவதற்கு முன் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு கல்லூரிப் பாட்டைப் பாட வேண்டும். வாத்தியக் குழு முதல் வரியைத் தொடங்கியது.

மார்லிஸ் தன் சாவிக்கொத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

அந்த உள்ளங்கையில் சாவியின் பற்கள் வரிசையாக, ஆழமாக, சிவக்கச் சிவக்கப் பதிந்திருந்தன. ஆட்டுகிற கையில் அப்படிப் பதியாது.

லோவல் பைக்குள்ளிருந்து தன் கையை எடுத்தார். அதிலும் அதே தடம்.

மார்லிஸ் அதைப் பார்த்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள்.

அந்தப் பாட்டுக்கு இரண்டே சரணங்கள்தான்.