சரியான நேரம்

திங்கட்கிழமை காலையில் தவசிமுத்துவுக்கு நெஞ்சு வலித்தது. வலி இடது கை வரை இழுத்தது. ஆட்டோவைக் கூப்பிடப் போனவரை மனைவி ரூபாவதிதான் தடுத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போய் இருமினாலே கொரோனா வார்டுல போட்டுர்றாங்களாம். அப்புறம் முகத்தைக்கூடக் காட்ட மாட்டாங்க. இது வெறும் வாயுங்க." இஞ்சிச் சாறு கொடுத்தாள், சோடா வாங்கிக் கொடுத்தாள். இரண்டு நாளும் தூங்காமல் அவர் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை அவர் குளியலறையில் விழுந்தார்.

மருத்துவமனையில் அவரை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டிருந்த பெண் டாக்டர் ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, "ஏங்கய்யா, வலி வந்த அன்னைக்கே வரல?" என்று கேட்டார்.

"அவகிட்ட இதைக் கேட்டுராதீங்கம்மா" என்றார் தவசிமுத்து, மூச்சு வாங்க. "சரியான நேரத்துக்குத்தான் வந்தோம்னு சொல்லுங்க."

மாலை நான்கு மணிக்கு அவர் இறந்துபோனார். டாக்டரே வாசலுக்கு வந்து சொன்னார். ரூபாவதி அழவில்லை.

"நாங்க லேட்டா வந்துட்டமா டாக்டர்?"

"இல்லம்மா. சரியான நேரத்துக்குத்தான் வந்தீங்க."

முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களை ரூபாவதி வெகுநேரம் பார்த்தாள்.

"அவரு சொல்லச் சொன்னாரா?"