உச்சஸ்தாயியில் ஓர் அழுகை

முதல் பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற வண்டி மாதிரியா இருந்தது அது? எழவு வீட்டுக்குப் போகிற வண்டியில்கூட நாலு வார்த்தை பேசுவார்கள்.

ஹான் ஆற்றுப் பாலத்தில் நெரிசல். பின் சீட்டில் மிசோ செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள். பாட்டுக் குழுவின் மூவரில் சின்னவள், வாய் சும்மா இருக்காது.

“அண்ணா, திட்டு ஏறிக்கிட்டே இருக்கு. ‘அந்த அழுகுணிகிட்ட இருந்து மைக்கைப் பிடுங்குங்கடா’ன்னு ஒருத்தன் போட்டிருக்கான். அதுக்கு எவ்ளோ லைக் பாருங்க.”

“அதெல்லாம் படிக்காதே,” என்றார் முன் சீட்டிலிருந்த மேனேஜர் பியோ. “வேற என்ன போட்டிருக்கான்?”

“‘தனக்கு எட்டாத சுருதியை இன்னொருத்தி பாடிடக் கூடாதாம், பொறாமை’ன்னு...”

அழுகுணி யோன்ஜு ஜன்னலோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மூன்றாமவள் நாரே.

மூன்று வருஷமாகச் சீந்த ஆளில்லாத குழு. இந்தப் பாட்டும் ஓடாவிட்டால் மூட்டை கட்டுங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. எப்படியோ பாட்டு பற்றிக்கொண்டது. இன்று டி.வி. நிகழ்ச்சியில் முதலிடம்.

ஜெயித்தவர்கள் கோப்பையோடு நின்று இன்னொரு தடவை பாட வேண்டும். ஆடும்போது கைகொடுத்த பதிவுக்குரல் அப்போது ஓடாது, சொந்தத் தொண்டைதான். யாருக்கு நிஜமாகவே பாட வரும் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும்.

முதல் வரிகளை யோன்ஜுவும் மிசோவும் பாடினார்கள். அடுத்து நாரேயின் உச்சஸ்தாயி. பாட்டின் உயிரே அதுதான். சரியாக அந்த இடத்தில் யோன்ஜு ஓடிப்போய் நாரேயைக் கட்டிக்கொண்டு, மைக்கிலேயே ஓவென்று அழுதுவிட்டாள். நிகழ்ச்சி நேரமும் முடிந்துபோயிற்று.

“ஏம்மா, அழறவ பாட்டு முடிஞ்சு அழக் கூடாதா?” என்றார் பியோ.

“அடக்க முடியலண்ணா. மன்னிச்சுக்கோங்க.”

“அடக்க முடியலயா, பொறுக்க முடியலயா? காலைல இருந்தே நீயும் நாரேயும் ஒரு வார்த்தை பேசிக்கல. மேக்கப் போடும்போதுகூட அவ உம்முன்னுதான் இருந்தா. எனக்குக் கண்ணு இல்லையா? ஒரே ரூம்ல இருக்கீங்க, உங்க சண்டையை அங்கேயே வெச்சுக்கணும்.”



பியோவின் போன் அடித்தது. முதலாளிதான். நிமிர்ந்து உட்கார்ந்து, “சரிங்க... சரிங்க...” என்று கேட்டுக்கொண்டார். வைத்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“பட்டியல்ல பாட்டு இறங்க ஆரம்பிச்சிருச்சாம். நாளைல இருந்து நாரேயும் மிசோவும் மட்டும் மேடை ஏறட்டும்னுட்டார். யோன்ஜு, நீ ஊருக்குக் கிளம்பிடு.”

மிசோ போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரிண்ணா,” என்றாள் யோன்ஜு.

அந்தச் ‘சரி’தான் பியோவுக்கு எரிச்சலைக் கிளப்பியது. நாரே பக்கம் திரும்பினார்.

“உனக்கு வர வேண்டிய கைதட்டலைக் கெடுத்தவ அவ. நீ என்னடான்னா கல்லு மாதிரி உக்காந்திருக்கே. நாலு வார்த்தை கேளேன்.”

நாரே பதறிப்போய்த் தலையாட்டினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, உதடு அசைந்தது, கண்ணில் நீர் கொட்டியது. வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

யோன்ஜு சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

“அவளைப் பேச வைக்காதீங்கண்ணா. காலைல எந்திரிச்சதுல இருந்து அவளுக்குக் குரலே இல்ல.”