அம்மாவின் கைக்கடிகாரம்

"மியூசியமா? நாலு வயசுக் குழந்தைக்குத் துருப்பிடிச்ச கத்தியையும் தலையில்லாத சிலையையும் காட்டப் போறாராம். நல்லாக் கேட்டுக்குங்க மேடம்!"

அவள் போட்ட போட்டில் குடும்ப நீதிமன்ற ஆலோசகரின் பேனாவே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் முடிந்தாயிற்று. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் அவன் மகளைப் பார்க்கலாம். எங்கே வைத்து என்பதுதான் பாக்கி.

"எங்க வீட்டு ஹாலுக்கு வரட்டும். நான் எதிர்லயே உட்கார்ந்திருப்பேன்," என்றாள்.

ஆலோசகர் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் சார் மியூசியம்தான்னு நிக்கறீங்க?"

"சின்ன வயசுல எங்கம்மா என்னை மாசாமாசம் அங்க கூட்டிட்டுப் போவாங்க மேடம்..."

"ஆரம்பிச்சாச்சு!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்த கதை. "நானே சொல்லிடறேன் மேடம். அம்மா வாசல் பெஞ்சுல உட்கார்ந்து வாரப் பத்திரிகை புரட்டுவாங்க. ஐயாவை உள்ளே ஒரு கைடு சுத்திக் காட்டுவாராம். அந்த மகா மேதை, செத்தவங்களைப் புதைக்கற தாழியைக் காட்டி, ராஜா வீட்டு ஊறுகாய் ஜாடின்னு சொன்னாராம்!"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, பாவம். எல்லாத்தையும் தப்புத் தப்பாத்தான் சொல்வாரு."

"இவங்கம்மா வாட்ச் கதை இன்னும் பிரமாதம். மியூசியத்துக்குப் போனாலே அது நின்னுடுமாம். 'அடடே, நேரம் போனதே தெரியலையே'ன்னு, மணியடிச்சுக் கதவைச் சாத்தற வரைக்கும் அந்தம்மா எழுந்திருக்கவே மாட்டாங்களாம். ஒரு வாட்சை ரிப்பேர் பண்ணத் துப்பில்லை, இந்த லட்சணத்துல சரித்திரம் தெரிஞ்சுக்கப் போயிட்டாங்க!"

ஆலோசகர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் தெம்பு வந்தது. "விஷயம் வேற ஒண்ணுமில்லை மேடம். டிக்கெட் வாங்க வேண்டாத இடமாப் பார்த்துப் பிடிச்சிருக்காரு, அவ்வளவுதான்."



"அங்க இப்பவும் கைடு இருக்காங்களா சார்? குழந்தை பயப்படாம இருக்கணுமே," என்றார் ஆலோசகர்.

"அப்பவே கிடையாது மேடம்." அவன் குரல் இறங்கியிருந்தது. மனைவியின் பக்கம் திரும்பினான். "உன்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டுக் கைடுன்னு சொல்லிட்டேன். அது எங்கப்பா. அவருக்கும் கோர்ட்டு மாசம் ஒரு மணி நேரந்தான் கொடுத்திருந்தது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா வாட்ச் வேற எங்கயும் நின்னதே இல்லை," என்றான் அவன்.