நான்கு விரல் இடைவெளி

துவக்குக் கடையில், குறிபார்க்கும் ஸ்கோப்போடு அவன் கண்ணை ஒட்டினான். உள்ளே கறுப்பு வளையம் மட்டும் தெரிந்தது.

"முத்தமே குடுக்கிறாய்?" என்றான் குகதாசன். "தள்ளிப் பிடி மச்சான். கண்ணுக்கும் அதுக்கும் நாலு விரல் இடைவெளி வேணும்."

கடைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தான்.

அவன் தள்ளிப் பிடித்தான். வளையம் விலகியது. தெருவின் மறுகரையில் சிவப்புத் தபாற்பெட்டி. அதன்மேல் மெல்லிய சிலுவைக் கோடு. கோடு ஓரிடத்தில் நிற்கவில்லை.

அவுஸ்திரேலியாவில், மில்டூராவின் திராட்சைத் தோட்டங்களில் அந்த வருடம் முயல் அதிகம். இரவில் வந்து இளங்கொடிகளின் பட்டையை உரித்துத் தின்றன. அவனிடம் துவக்கு இருந்தது. உரிமமும் இருந்தது. இருட்டில் குறிபார்க்க ஒரு ஸ்கோப் வேண்டும். மலிவாக.

தனியாகத்தான் வந்திருப்பான்.

காலையில் தேநீரை வைத்துவிட்டு மனைவி வதனி சொன்னாள்.

"குகன் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவருக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும்.

நாற்பது கிலோமீற்றரும் அந்த இரண்டு சொற்கள் வான் வண்டிக்குள் கூடவே வந்தன. பக்கத்து இருக்கையில் குகதாசன் பாடிக்கொண்டு வந்தான்.

குகதாசன் ஊரில் இயக்கத்தில் போராளியாக இருந்தவன். அதை யாரிடமும் மறைக்கமாட்டான். சொல்லிச் சிரிப்பான். அவனோ பதினேழு வயதில் தாய் கொழும்புக்கு அனுப்பிவைத்த பிள்ளை. இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் துவக்கைத் தொட்டான்.

போன மாதம் குகதாசன் சுட்ட முயல்களை வதனியின் குசினியில்தான் சமைத்தார்கள். தொடைத்துண்டு யாருடைய தட்டுக்குப் போனது என்று பார்த்திருந்தான். குகதாசனின் பகிடிக்கு வதனி சிரித்ததைப் பார்த்திருந்தான்.

இரண்டு தரம்.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊர்ச்சனம் யாரைக் கண்டாலும் வதனி முதலில் ஒன்றைக் கேட்பாள். "ஊரிலை எவடம்?" கடையில் கேட்பாள். கோயிலில் கேட்பாள். தொலைபேசியில் முன்பின் தெரியாதவரிடமும் கேட்பாள்.

குகதாசனிடம் மட்டும் கேட்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் உடற்சூட்டைக் காட்டும் ஸ்கோப் ஒன்று தனியாக இருந்தது. விலைச்சீட்டைக் குனிந்து பார்த்தான்.

"அதைப் பாராதை. வானை வித்தாலும் காணாது," என்றான் குகதாசன். "முயலும் சேர்ந்து கடன்பட வேண்டி வரும்."

பிறகு அவன் கையிலிருந்த ஸ்கோப்பை வாங்கிக் கண்ணுக்கு நேரே உயர்த்தினான். கை ஆடவில்லை. இரண்டு கண்களும் திறந்திருந்தன.

"மற்றக் கண்ணை மூடாமல் எப்படியடா தெரியுது?"

"மூடினால் முயல் மட்டும்தான் தெரியும். பக்கத்திலை நிக்கிறவன் தெரியமாட்டான்." குகதாசன் ஸ்கோப்பை இறக்கவில்லை. "புதுசாப் பிடிக்கிற எல்லாரும் மூடுவினம். எங்களுக்கு அடிச்சு அடிச்சுப் பழக்கினவை. மூண்டு மாதம்."

எங்களுக்கு.

அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றான் அவன்.

குகதாசன் இரண்டை மேசையில் வைத்தான். விலை ஏறக்குறைய ஒன்றுதான். கட்டையானதைத் தொட்டுக் காட்டினான்.

"இதை எடு. பெரிசாக் காட்டுறது முக்கியமில்லை. முன்கண்ணாடி அகலமா இருக்கவேணும். அதுதான் இருட்டிலை கிடக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அள்ளும்."

அது சரியென்று அவனுக்கும் விளங்கியது.

ஆனாலும் மற்றதையே எடுத்தான். நீளமானது. பன்னிரண்டு மடங்கு பெருக்கிக் காட்டுவது. முன்கண்ணாடி ஒடுக்கம்.

குகதாசன் அவனை ஒருதரம் பார்த்தான். திரும்பி வரும்போது பாடவில்லை. தேநீருக்கும் இறங்கவில்லை.

வதனி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். யன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் கொடிகளின்மேல் கிடந்தது.

பெட்டியை மேசையில் வைத்தான்.

"நானே பாத்து எடுத்தனான்."

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்கோப்பை வெளியே எடுத்தாள். பெருவிரலை முன்கண்ணாடியின் குறுக்கே ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

யன்னல் பக்கம் திரும்பி அதை உயர்த்தினாள்.

கண்ணுக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது.

கை ஆடவில்லை.

கல்யாணம் பேசியபோது, பெண் கிளிநொச்சியில் மழலைகளுக்குப் படிப்பித்தவள் என்றார்கள். அந்தப் பிள்ளைகளின் பாட்டுகளை அவள் இப்போதும் சமைக்கும்போது முணுமுணுப்பாள். அவனும் இரண்டொன்றைப் பாடமாக்கியிருந்தான்.

மெதுவாக அவளுடைய இடப்பக்கம் வந்து நின்றான். முகத்தைப் பார்த்தான்.

இரண்டு கண்களும் திறந்திருந்தன.

குழாயிலிருந்து மீன் சட்டிக்குள் ஒரு சொட்டு நீர் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

அவள் தலையைத் திருப்பவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவன் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மெல்ல, இடது கண்ணை மூடினாள்.

"எனக்கெண்டால் ஒண்டும் வடிவாத் தெரியேல்லை," என்றாள்.