கண் மூடிய முகம்

சுவரில் மாட்டுவதற்கென்றுதான் ஓவியர் ரெஜினா அந்த முகத்தைப் பீங்கான் தட்டில் வரைந்து கொடுத்திருந்தாள். கண் மூடிய ஒரு பையனின் நீல முகம். தூங்குகிறான் என்று பீங்கான் கம்பெனி முதலாளி கதிரேசன் நினைத்துக்கொண்டார். கிணற்றிலிருந்து தூக்கிக் கிடத்திய தன் மகன் என்று அவள் சொல்லவில்லை. அவன் போனபின் வேறெதையும் வரைய அவளுக்குக் கை வரவில்லை.

இன்று கதிரேசன் வீட்டில் விருந்து. அவர் மனைவி சோறும் குழம்புமாகத் தட்டை ரெஜினாவின் முன் கொண்டுவந்து வைத்தாள். நான்கு வாய் சாப்பிட்டதும் குழம்புக்கு அடியில் ஒரு நீலக் காது தெரிந்தது. ரெஜினாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"சுவர்ல மாட்ட யாரு மேடம் வாங்குறா? அதான் சாப்பாட்டுத் தட்டுலயே அச்சடிச்சுப் போட்டுட்டோம். முழு முகத்தையும் பாக்கணும்னே புள்ளைங்க மிச்சம் வைக்காம சாப்பிடுதுங்க," என்ற கதிரேசன் தன் தட்டை வழித்தார். மூக்கு வந்தது. மூடிய இமைமேல் ஒட்டியிருந்த பருக்கையை அவர் விரல் தேடிப் போயிற்று.

கரண்டியோடு நின்ற அவர் மனைவி கேட்டாள். "போதுமா மேடம்?"

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

காது மறைந்தது.

"இன்னும்," என்றாள் ரெஜினா.